இரண்டாம் நாள் வலி

நெருப்பைக் கண்டதும் சக்கரத்தைக் கண்டதும் மனிதகுலத்தின் பெரும் பாய்ச்சல்கள் என்பார்கள். அவற்றையெல்லாம் விஞ்சிய பாய்ச்சல், ஒருவர் உடம்பின் வலியை இன்னொருவர் உடம்பு வாங்கிக்கொள்ள முடியும் என்று கண்ட நாளில்தான் நிகழ்ந்தது. அன்பு, அன்பு என்று மனிதன் ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததற்கு அன்றுதான் முதல்முறையாகச் சோதனைச்சாலையில் ஒரு சான்று கிடைத்தது.

கிடைத்த சான்று, பல்லுக்குக் கிளிப் போட்டவர்களுக்கு மட்டும் செல்லுபடியானது. மற்ற வலிகள் ஒத்துழைக்கவில்லை. முதுகுவலி வழியிலேயே தொலைந்தது. வயிற்றுவலி போய்ச் சேர்ந்த இடத்தில் ஏப்பமாக மாறியது. பிரசவ வலியை மாற்றும் ஆராய்ச்சி, பெயர் கொடுத்திருந்த பதினோரு கணவர்களும் ஒரே வாரத்தில் பெயரை வாபஸ் வாங்கியதால் கைவிடப்பட்டது. தாடை நரம்பு ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. எனவே மானுட அன்பின் உச்சம், பல் வரிசை சரியில்லாத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு வாய்த்தது.

அவர்களில் ஒருவர் சொன்மாரி கோகர்ணன். புதுக்கோட்டையில் சொன்மாரி கோகர்ணனைத் தெரியாதவர்கள் உண்டு. அது அவருக்குத் தெரியாது. பட்டிமன்றப் பேச்சாளர். இருபத்திரண்டு வருடங்களாக ஒரே குழுவில் மூன்றாவது பேச்சாளர். முதலில் பேசுகிறவரைக் கூட்டம் ஆவலாகக் கேட்கும். இரண்டாமவர் ஜோக் சொல்லுவார். மூன்றாமவர் எழுந்ததும் ஜனங்கள் டீ குடிக்கப் போவார்கள். மேடைக்கு நடுவில் உயரமான நாற்காலியில் நடுவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பெரிய பொன்னாடை. அடுத்தவர் பேசும்போது ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடிக்கலாம். கடைசியாகப் பேசலாம், எவ்வளவு நேரமானாலும். அந்த நாற்காலியைக் கோகர்ணன் கனவில்கூட ஓரமாகத்தான் பார்த்திருந்தார். கனவிலும் அவருடைய இருக்கை பக்கவாட்டில்தான் இருந்தது.

பத்தாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பெண் பிரகதாவுக்கு மேல்வரிசைப் பல் இரண்டு முன்னால் வந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. கிளிப் போடுவது என்று முடிவானது.

பல் டாக்டர் நஸ்ரின் நிதானமாகப் பேசுகிறவர். கோகர்ணனுக்கு அந்த மாதிரி ஆட்களிடம் கொஞ்சம் பயம்.

"கிளிப் போட்டதும் மூணு நாள் வலிக்கும். அப்புறம் மாசாமாசம் கம்பியை டைட் பண்ணுவோம். அப்பவும் ரெண்டு மூணு நாள். டைட் பண்ணுன மறுநாள், அதாவது ரெண்டாவது நாள்தான் ஜாஸ்தி. மோர்சாதம், கஞ்சின்னு சாப்பிட்டுப் பிள்ளைங்க தாங்கிருங்க. வேணும்னா வலியை வீட்டுல ஒருத்தர் வாங்கிக்கலாம். அவசியமில்ல."

"அவசியத்துக்குச் செஞ்சா அது தியாகம் ஆகுமா டாக்டர்?" என்றார் கோகர்ணன்.

அவர் மனைவி செண்பகவல்லி இடையில் புகுந்தாள். "யாருக்குமே வலி இல்லாம மரத்துப்போக வெச்சிட்டா என்ன டாக்டர்?"

"அதையும் செஞ்சு பாத்தாச்சும்மா. ஒரு பிள்ளை வலி தெரியாமக் கரும்பைக் கடிச்சுது. கம்பி அறுந்து கன்னத்துல ஏறிருச்சு. சட்டையெல்லாம் ரத்தமானப்புறம்தான் அதுக்கே தெரிஞ்சுது. வலிங்கறது ஒரு தகவல்மா. யாராவது ஒருத்தர் அதை வாங்கி, இங்க குத்துது, அங்க குடையுதுன்னு எனக்குச் சொல்லணும். அதனாலதான் சட்டமே அப்படிப் போட்டுட்டாங்க. வலிக்கு ஒரு ஆள் இருந்தே ஆகணும்."

"அப்பா நடுவுல பட்டையைக் கழட்டிட்டா?" என்றாள் பிரகதா.

"பத்து நொடியில உங்கிட்டயே திரும்பி வந்துரும். பல்லு உன்னுதுதானே?"

கோகர்ணன் எழுந்து நின்றார். வலது கை தானாக உயர்ந்தது. "பெற்றவன் நானிருக்க, பிஞ்சு உடல் நோகலாமா? வலியே, நீ என்னிடம் வா!"

"சார், உக்காருங்க. படிவத்துல உக்காந்துதான் கையெழுத்துப் போடணும்," என்றார் டாக்டர்.

காதுக்குப் பின்னால் அரிசி அளவு ஓர் ஒட்டு, மணிக்கட்டில் ஒரு பட்டை. அவ்வளவுதான் கருவி. பிரகதாவின் கைபேசியில் அதற்கு ஒரு செயலி. பட்டையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. சார்ஜ் முழுதாக இருந்தால் பச்சை என்று டாக்டர் சொன்னார். அந்தச் சமயத்தில் கோகர்ணன் பேசிக்கொண்டிருந்தார்.

முதல் மாதம் அந்த வீடு பட்டபாடு கொஞ்சமல்ல. கோகர்ணன் கூடத்து நடுவில் பாய் போட்டுப் படுத்தார். தாடையைத் துண்டால் சுற்றித் தலை உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அவருக்கு ஒரு கஞ்சி, பிள்ளைக்கு ஒரு கஞ்சி என்று செண்பகவல்லி அடுப்படியிலேயே கிடந்தாள். நலம் விசாரிக்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கி வந்தார்கள். ஆப்பிளைக் கடிக்க முடியாதவர் வீட்டுக்கு ஏன் ஆப்பிள் என்று பிரகதா மட்டும் கேட்டாள். வந்தவர்களுக்கெல்லாம் கோகர்ணன் மணிக்கட்டைத் தூக்கிப் பச்சை விளக்கைக் காட்டுவார்.

"இப்ப வருது பாருங்க... பிள்ளையோட வலி... வந்துக்கிட்டே இருக்கு."

வந்தவர்கள் உச்சுக்கொட்டி, காபி குடித்து, வெளியே போய் நாலு பேரிடம் சொன்னார்கள்.

அப்படித்தான் அவருடைய காலம் திரும்பியது. 'வலி தாங்கும் தந்தை' என்று உள்ளூர்ச் சேனலில் ஐந்து நிமிடம் காட்டினார்கள். அதன்பின் தனிப்பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். திருமயம், அறந்தாங்கி, ஒருமுறை தஞ்சாவூர். "தாய் பத்து மாதம் சுமந்தாள், நான் பன்னிரண்டு மாதமாகச் சுமக்கிறேன், இந்தத் தாடையில்!" என்று அவர் தாடையைத் தொடும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் பேசும்போது டீ குடிக்க யாரும் போகவில்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. மேடை ஏறுவதற்கு முன் கோகர்ணன் பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வாய்தானே அவருடைய தொழில்? தாடையில் குடைச்சலை வைத்துக்கொண்டு தாடைக் குடைச்சலைப் பற்றி எப்படிப் பேசுவது? கழற்றிய மறுநிமிடம் வலி விட்டுவிடும், உடம்பே காற்றாகும். இரண்டு மணி நேரம்தானே, சின்னப்பிள்ளை தாங்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வார். வீட்டுக்குத் திரும்பியதும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு முனகலோடு உள்ளே நுழைவார்.

பதினைந்தாம் மாதம் பட்டிமன்றக் குழுவின் அமைப்பாளர் சேதுராமலிங்கம் வீட்டுக்கு வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை.

"ஐயா, நடுவர் ஐயாவுக்குத் தொண்டை போச்சு. வர்ற தை மாசத்தோட போதும்னுட்டார். நாற்காலி காலி. ரெண்டாவதா பேசுற முத்தழகு கேக்குறான். எனக்கு உங்களை உக்கார வைக்கணும்னு ஆசை. ஆனா குழுவுல நாலு பேரு ஒத்துக்கணுமில்ல? அதனால ஒரு பாராட்டு விழா. ஏற்புரையில நீங்க பின்னி எடுத்துட்டீங்கன்னா, அங்கேயே, அந்த மேடையிலேயே அறிவிச்சுருவோம்."

கோகர்ணனுக்குக் கண் நிறைந்தது. "என்னைக்கு வெச்சுக்கலாம்?"

"அதுக்குத்தான் வந்தேன். பாப்பாவுக்கு அடுத்து எப்ப டைட் பண்றாங்க?"

"பதினாலாம் தேதி."

"அப்ப விழா பதினஞ்சு. ரெண்டாவது நாள்தான உச்சம்?" சேதுராமலிங்கம் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டினார். "அன்னைக்கு அஷ்டமி. பரவாயில்ல, வலி நல்லா இருந்தாப் போதும். மேடைக்குப் பின்னால பெரிய திரை வைக்கிறோம். பாப்பா பல்லுல என்ன வலின்னு பத்துக்கு இவ்வளவுன்னு நேரலையா ஓடும். ஜனம் உங்களைப் பாக்கும், நம்பரைப் பாக்கும், திரும்ப உங்களைப் பாக்கும். பிச்சுக்கும்!"

அவர் போனதும் கோகர்ணன் மாடிக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம். அந்தத் திரையில என்ன தெரியும்?"

"பிரகதா பல்லுலேர்ந்து கெளம்புற வலி தெரியும் சார்."

"அதை யாரு தாங்குறாங்கன்னு..."

"அது திரைக்குத் தெரியாது. ஏன் கேக்குறீங்க?"

"சும்மா. ஒரு அறிவியல் ஆர்வம்."

பதினைந்தாம் தேதி மாலை மூவரும் வாடகை வண்டியில் ஏறினார்கள். ஓட்டுநர் இல்லாத வண்டி. "வணக்கம், பெல்ட்டு போட்டுக்கொள்ளவும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. கோகர்ணன் பட்டு வேட்டியில் இருந்தார். வழக்கம்போல் தாடையைத் தடவி முனகிக்கொண்டே ஏற்புரையின் முதல் பத்தியை மனத்துக்குள் ஓட்டினார். பிரகதா கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்பா, திரையில நம்பர் வராது."

"ஏம்மா?"

"நான் அனுப்பல. அனுப்பறதை நிறுத்திட்டேன்."

"இப்பவா?"

"ரெண்டாவது மாசம்."

வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. கோகர்ணனின் கை தாடையிலேயே இருந்தது.

"அப்ப இந்தப் பதினாலு மாசமா..."

"எனக்குத்தான்பா வலிச்சுது. மூணு நாள்தான. என் கிளாஸ்ல ஒம்பது பேருக்குக் கிளிப் இருக்கு. யாரு அப்பாவும் தாங்கல."

"பச்சை லைட்டு எரியுதே!"

"அது சார்ஜ்."

கோகர்ணன் குரலைத் தாழ்த்தினார். "பிரகதா, எனக்கு வலிச்சுதும்மா. சத்தியமா வலிச்சுது. தீபாவளியன்னைக்கு அழுதேனே?"

"அது உங்க வலிப்பா. எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

முன் இருக்கையில் இருந்த செண்பகவல்லி மெதுவாகத் திரும்பினாள். "ஏண்டி, பதினாலு மாசமா ரெண்டு அடுப்புல ரெண்டு கஞ்சி காச்சுனேனே, அது எதுக்கு?"

"முதல் மாசம் அப்பா முனகுன முனகல்ல என்னால படிக்க முடியலம்மா. வந்தவங்களுக்குக் காபி போட்டே உனக்குக் கை வீங்கிருச்சு. வலியை நானே வெச்சுக்கிட்டா முனகல் நின்னுரும்னு நெனச்சேன்." அவள் ஒரு கணம் யோசித்தாள். "நிக்கல."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள டிவியில வந்துட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

கோகர்ணன் உயரமான நாற்காலியை நினைத்தார். அதன் பக்கத்தில் இருக்கும் ஃபிளாஸ்க்கை நினைத்தார். பின்னால் திரையில் பெரிதாக ஒரு பூஜ்யமும் முன்னால் அவரும் நிற்பது தெரிந்தது. முத்தழகு அதை வைத்து ஆயுளுக்கும் ஜோக் சொல்லுவான்.

"இப்ப ஆன் பண்ணு," என்றார்.

"தாங்குவீங்களா? நேத்துப் புதுக் கம்பி போட்டுருக்காங்க. காலையிலேர்ந்து மோர்தான் குடிக்கிறேன்."

"இருபத்திரெண்டு வருஷம் மூணாவதா பேசுனவன்மா நான். எதையும் தாங்குவேன்."

பிரகதா அவரைப் பார்த்தாள். "சரி. ஆனா நடுவுல கழட்டக் கூடாது. நீங்க மேடைக்குப் போறப்பக் கழட்டுவீங்கன்னு தெரியும். சட்டைப்பையில பச்சையாத் தெரியும். இன்னைக்குக் கழட்டுனா நெஜமாவே எனக்கு வந்துரும். முன்வரிசைக்கு மெதுவடை குடுப்பாங்கல்ல? அதையாவது ஒரு நாள் நிம்மதியாத் திங்கறேன்."

"கழட்ட மாட்டேன். தமிழ் மேல சத்தியம்."

அவள் கைபேசியில் எதையோ தொட்டாள்.

கோகர்ணன் முனகவில்லை. அதுதான் முதலில் எல்லாருக்கும் வியப்பாக இருந்தது. வாயைக் கொஞ்சம் திறந்தபடி முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பல்லையும் யாரோ வேலிக்கல்லைப் பிடுங்குவதுபோல் முன்னும் பின்னும் ஆட்டினார்கள். வலி காது வரை ஏறி, நெற்றிப்பொட்டில் நின்று, திரும்பி வந்து மறுபடி ஆட்டியது. முனகினால் பல்லோடு பல் படும் என்று பயமாக இருந்தது. பதினான்கு மாதம் அவர் தாங்கியது இதுவல்ல. இதன் சாயல்கூட அல்ல.

பக்கத்தில் பிரகதா பல்லோடு பல்லைச் சேர்த்துக் கடித்துப் பார்த்தாள். "ஹை!" என்றாள். கன்னத்தை உப்பிப் பார்த்தாள், சிரித்தாள்.

"இடம் வந்துவிட்டது. உங்கள் பொருள்களை மறக்காமல் எடுத்துச் செல்லவும்," என்றது வண்டி.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் அவர் ஏறியதும் பின்னால் திரை உயிர்பெற்றது. சிவப்பில், ஆள் உயரத்துக்கு 7.4 என்று எழுந்தது. கைத்தட்டல் அடங்க ஒரு நிமிடமானது. நடுவர் தம் கையாலேயே ஒரு பெரிய பொன்னாடையைப் போர்த்தினார். ஜரிகை கனமாக இருந்தது. தோளிலிருந்து முழங்கால் வரை வந்தது. சேதுராமலிங்கம் காதருகே குனிந்தார். "ஏழு புள்ளி நாலு! நம்ம அதிர்ஷ்டம் ஐயா. பின்னிருங்க."

கோகர்ணன் ஒலிவாங்கியின் முன் நின்றார்.

"பெரியோர்களே," என்றார். உதடு கூடிப் பிரிந்தபோது பல் நகர்ந்ததுபோல் இருந்தது. "தாய்மார்களே." அதற்கு நாக்கு மேல்பல்லைத் தொட வேண்டியிருந்தது. தொட்டது. கண்ணில் நீர் வந்தது. கூட்டம் கைதட்டியது.

அதற்குப் பிறகு சொல் வரவில்லை. வந்த சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொன்று நிற்கவில்லை. "தாய் பத்து மாதம்..." என்று தொடங்கினார். எத்தனை மாதம் என்று மறந்துபோனது. "சுமந்தாள். நானும்..." என்றார். "வலிக்கிறது," என்றார். அது அவர் வாழ்நாளில் மேடையில் சொன்ன மிகச் சிறிய வாக்கியம். கூட்டம் அதற்கும் தட்டியது. ஆனால் இரண்டாவது தடவையும் அதையே சொன்னபோது தட்டல் மெலிந்தது. மூன்றாவது தடவை ஒருவரும் தட்டவில்லை. பின்வரிசையில் நாலைந்து நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். டீ குடிக்கப் போகிறார்கள்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முத்தழகு சேதுராமலிங்கத்தின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னான், சேதுராமலிங்கம் தலையாட்டினார். பிறகு ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி ஒலிவாங்கிக்கு வந்து சேர்ந்தது. 'முடிச்சுக்கலாமா ஐயா?'

கோகர்ணன் சீட்டைப் படித்தார். முன்வரிசையைப் பார்த்தார். செண்பகவல்லி திரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிரகதா மடியில் தட்டை வைத்துக்கொண்டு மெதுவடையைத் தின்றுகொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல், முன்பல்லால் கடித்து, பின்பல்லுக்குக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்றாள். சட்னியில் தோய்த்துக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்துவிட்டுத் தின்றாள். அவரைப் பார்த்ததும் வடையை லேசாக உயர்த்திக் காட்டினாள், நன்றாக இருக்கிறது என்பதுபோல்.

அவர் பொன்னாடையை இழுத்து முன்பக்கம் மூடிக்கொண்டார். கை கூப்புகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். உள்ளே வலது கை இடது மணிக்கட்டைத் தேடிப்போனது. கொக்கி சுலபமானது; அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

பத்து நொடி அவர் பேசாமல் நின்றார். கூட்டம் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு அமைதியானது. எழுந்து போனவர்கள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

வலி போனது. உடம்பு காற்றானது. எத்தனை மாதம் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

முன்வரிசையில் பிரகதாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. இடது கை கன்னத்துக்குப் போனது. அவள் கைபேசியை எடுக்கவில்லை. திரையைப் பார்க்கவில்லை; அவரைத்தான் பார்த்தாள். பிறகு பாதி கடித்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"என்னடி?" என்று செண்பகவல்லி கேட்பது உதட்டசைவில் தெரிந்தது.

பிரகதா தலையசைத்தாள், ஒன்றுமில்லை என்று.

திரையில் 7.4 அப்படியே நின்றது.

"தாய் பத்து மாதம் சுமந்தாள்," என்றார் கோகர்ணன். குரல் மண்டபத்தின் கடைசித் தூண் வரை போனது. "நான் பதினைந்து மாதமாகச் சுமக்கிறேன், இந்தத் தாடையில்!"

அவர் மேலும் நாற்பது நிமிடம் பேசினார்.